குளியலறை விசிறியும் அமோய் கார்டன்ஸும்

நான் குடியிருப்பது பழைய தொடர்மாடியொன்றின் உச்சித் தளத்தில். மழைக்காலந்தோறும் குளியலறைக் கூரையில் பூஞ்சணம் படர்ந்துவிடும். காற்றை வெளியேற்றும் வலுவான விசிறியொன்றைப் பொருத்தினால் போதுமென்றார் மின்வேலைக்காரர். எனக்கோ 2003 ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. சார்ஸ் நோய்ச் செய்திகளை இரவிரவாக மொழிபெயர்த்துக்கொண்டிருந்த காலம் அது.

அவ்வாண்டு மார்ச்சில் ஹொங்கொங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் நோய் பரவியது. 300 இற்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். 42 பேர் மாண்டனர். நோயாளியைச் சந்தித்தேயிராதவர்களுக்கும் அது எவ்வாறு தொற்றியது?

விசாரணைகள் தந்த விடை குளியலறையில் இருந்தது. தரையில் உள்ள வடிகாலின் கீழே, வளைந்த குழாயில் தேங்கும் நீர்தான் கழிவுக்குழாய்க் காற்றைத் தடுக்கிறது. தரையைத் துடைப்பார்களேயன்றி நீரூற்றிக் கழுவாத வீடுகளில் அந்நீர் வற்றிப்போயிருந்தது. கதவைச் சாத்திவிட்டு விசிறியை இயக்கியதும், அது கழிவுக்குழாயிலிருந்தே காற்றை உறிஞ்சியது. உறிஞ்சியதைக் கட்டடத்தின் காற்றிடுக்கினுள் தள்ளியது. அங்கிருந்து ஈரக்காற்று மேலெழுந்து மேல்மாடிகளின் யன்னல்களில் நுழைந்ததென 2004 இல் வெளியான ஆய்வொன்று விளக்கியது. உச்சித் தளத்தில் இருப்பவன் இதைச் சும்மா வாசித்துவிட்டுப் போக முடியுமா?

வெளியேறும் காற்றுக்கு ஈடாக உள்ளே வர ஒரு வழி வேண்டும். ஆகவே, முதலில் கதவின் அடியில் ஒரு விரலளவு அறுத்துவிடும்படி கேட்டேன். மின்வேலைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். விசிறி அதன் பின்னரே வந்தது. சனிக்கிழமைகளில் வடிகாலுக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றுகிறேன்.