மறந்துபோன காய்ச்சல்



2017-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது இளம் தாய் ஒருவர் தம் கைபேசியை என்னிடம் நீட்டினார். தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசியைப் பிள்ளைகளுக்குப் போடவேண்டாம் என்று எச்சரிக்கும் வாட்ஸ்அப் செய்தி அது. "ஐயா, ஸ்கூல்ல ஊசி போடப்போறாங்களாம், போடலாமா?" என்று கேட்டார். "ஜெபம் பண்ணிட்டு, உங்க மனசுக்குச் சரின்னு படுறதைச் செய்யுங்கம்மா" என்றேன். அதைத் தாழ்மையான பதில் என்று எண்ணினேன். பின்னர் ஒரு நோயின் வரலாற்றைப் படித்தபோதுதான் அது அறியாமையின் பதில் என்று உணர்ந்தேன்.

தட்டம்மையைக் கேள்விப்படாத வீடு நம்மிடையே இல்லை. காய்ச்சலும் சிவந்த கண்களும் உடலெங்கும் தடிப்புமாக வந்து, பெரும்பாலும் சில நாட்களில் தணியும், வீட்டாரும் மறந்துவிடுவர். ஆனால் மிகச் சில பிள்ளைகளின் மூளையில் அந்த வைரஸ் ஒளிந்து தங்கிவிடுகிறது. ஆறு முதல் பத்து ஆண்டுகள் கழித்து, நன்றாகப் படித்துவந்த பிள்ளை பாடங்களை மறக்கத் தொடங்குகிறது. பின்பு உடல் திடீர் திடீரெனத் தூக்கிப்போடுகிறது. மின்கம்பியின் மேலுறைபோல நரம்பு இழைகளைப் போர்த்தியிருக்கும் மையலின் சிதைகிறது; நரம்பணுக்களும் அழிகின்றன. நடையும் பேச்சும் ஒவ்வொன்றாய் விடைபெறுகின்றன. பெரும்பாலான பிள்ளைகள் சில ஆண்டுகளுக்குள் மரிக்கின்றனர். சப்அக்யூட் ஸ்கிளரோசிங் பேன்என்செஃபலைட்டிஸ் என்பது இதன் பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக எஸ்.எஸ்.பி.இ. என்பர்.

1933-ல் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் டாசன் இந்நோயை விவரித்து எழுதினார். காரணம் தட்டம்மையே என்பது அப்போது தெரியவில்லை. 1969-ல்தான் நோயுற்றோரின் மூளையிலிருந்து தட்டம்மை வைரஸைப் பிரித்தெடுத்து உறுதிசெய்தனர். வியப்பு என்னவெனில், தட்டம்மைத் தடுப்பூசி 1963-லேயே பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. நோயின் வேரை மனிதர் தெளிவாக அறியுமுன்பே, அதைத் தடுக்கும் வழி அவர்கள் கையில் இருந்தது. ஊசி பரவிய நாடுகளில் இந்நோய் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. தடுப்பூசியிலுள்ள வைரஸ் இந்நோயை உண்டாக்குவதில்லை.

நம் மண்ணுக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலுடன் தொடங்கிய மருத்துவப் பணி, சி.எம்.சி. ஆக வளர்ந்தது. அங்கே 1949-ல் டாக்டர் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பியல் துறையைத் தொடங்கினார். வைரஸ் ஆய்வாளரும் குழந்தை மருத்துவருமான டாக்டர் ஜேக்கப் ஜான், நோய் வந்தபின் பார்ப்பதைவிட வராமல் காப்பதே மேல் என்று வாழ்நாளெல்லாம் உழைத்தார். 1985-ல் நம் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மை ஊசி இடம்பெற்றது. இரண்டாம் தவணை 2010-ல் சேர்ந்தது. 2017-ல் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் அனைவருக்கும் போடும் இயக்கம் தமிழ்நாட்டில் தொடங்கியது. அப்போதுதான் வதந்தியும் வந்தது; நானும் மழுப்பினேன்.

அந்த மழுப்பல் என்னை ஏன் உறுத்துகிறது? இரண்டு வயதுக்குள் தட்டம்மை கண்ட பிள்ளைக்கே எஸ்.எஸ்.பி.இ. வரும் ஆபத்து அதிகம். ஒன்பது மாதம் நிறையாத குழந்தைக்கோ வழக்கமான அட்டவணைப்படி ஊசியே இல்லை. சுற்றியிருக்கும் பிள்ளைகள் ஊசி போட்டுக்கொண்டால்தான் அக்குழந்தைக்குப் பாதுகாப்பு. ஆகவே உங்கள் பிள்ளையின் கையில் ஏறும் ஊசி, அடுத்த வீட்டுத் தொட்டிலுக்கும் வேலியாகிறது. பிறனை நேசித்தல் என்பதை இதைவிட எளிதாக எப்படிக் காட்டுவது?

நோய் வந்துவிட்ட வீட்டையும் நாம் மறக்கலாகாது. முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்றும் இல்லை. ஐசோபிரினோசின் மாத்திரையும் இன்டர்ஃபெரான் மருந்தும் சிலருக்கு நோயின் வேகத்தைத் தணிக்கின்றன. வலிப்பு மருந்துகள் உடல் தூக்கிப்போடுவதைக் குறைக்கின்றன. மற்றதெல்லாம் பராமரிப்பே: குழாய்வழி உணவு, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தல், கைகால் இறுகாமல் பயிற்சி. இதை ஆண்டுக்கணக்கில் செய்யவேண்டும். ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குச் சென்று குடும்பத்தைத் தாங்கும் ஒரு தாய், வேலையை விட்டாலும் துன்பம், விடாவிட்டாலும் துன்பம்.

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை நால்வர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து இயேசுவின்முன் இறக்கியதை நினையுங்கள். ஒருவர் மட்டும் அந்தப் படுக்கையைத் தூக்கியிருக்க முடியாது. அப்படிப்பட்ட வீடு நம் சபையில் இருந்தால், வாரம் ஒரு பகல் அந்தப் பிள்ளையின் அருகில் அமர நால்வர் முன்வரலாகாதா?

அந்தத் தாய்க்கு இன்று நான் தரும் பதில் வேறு: "போடுங்கம்மா. போட்டுட்டு ஜெபம் பண்ணுவோம்." இவ்வாரம் உங்கள் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஒன்பது மாதம் முடிந்ததும் ஒன்று, பதினாறு முதல் இருபத்துநான்கு மாதத்திற்குள் ஒன்று என இரு தவணைகளும் பதிவாகியுள்ளனவா? தவறியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள், ஊசி இலவசம்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் அறியாமையை மன்னியும். சிறியவர்களைக் காக்க எங்களுக்கு ஞானமும், நோயுற்றோரைச் சுமக்க எங்கள் தோள்களுக்குப் பெலனும் தாரும். ஆமென்.