சத்தமில்லாத உருண்டை

கௌதள்ளிக்காரர் ஒருவர் பிறந்த மாவட்டம் எதுவென்று சொன்னால் அவர் வயதை ஓரளவு கணித்துவிடலாம். என் தாத்தா பிறந்தது கோயமுத்தூர் மாவட்டம். நான் பிறந்தது மைசூர் மாவட்டம். என் தம்பியின் பேத்தி பிறந்தது சாமராஜநகர் மாவட்டம். மூன்று பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், எங்கள் ஊரை உள்ளடக்கிய கொள்ளேகால் தாலுகா கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்குப் போய்க் கோவையோடு சேர்ந்தது. 1956 நவம்பர் 1இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது மைசூருக்கு வந்தது. 1997இல் சாமராஜநகர் தனி மாவட்டமானது. முகவரி இப்படி மாறிக்கொண்டே இருந்தபோதும், எங்கள் வீட்டில் வெளியூருக்குப் படிக்கப் போகிற பிள்ளையின் பையில் வைத்துவிடும் தின்பண்டம் மட்டும் வெகுகாலம் மாறவில்லை. கன்னடத்தில் அதை ஹுரிஹிட்டு என்பார்கள். எங்கள் வீட்டுத் தமிழில் ராகிப் பொரிமாவு.

கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், ஹனூரைத் தாண்டி இருக்கிறது எங்கள் ஊர் கௌதள்ளி. மானாவாரி மண், ராகிதான் உணவு. சிவராத்திரிக்கும் யுகாதிக்கும் தீபாவளிக்கும் மலைக்கு நடந்து போகிற கூட்டம் ஊர் வழியாகத்தான் போகும். அவர்கள் தோளில் தொங்கிய மூட்டையிலும் இதே மாவு இருந்தது. நடக்கிறவனுக்கு வேண்டிய குணங்கள் எல்லாம் அதற்கு உண்டு. பல நாள் கெடாது, கனக்காது, அடுப்பு கேட்காது. வெல்லமும் கொஞ்சம் வெந்நீரும் இருந்தால் உள்ளங்கையிலேயே பிடித்துக்கொள்ளலாம்.

பாட்டி அதைச் செய்யும் விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முந்தின இரவே ராகியில் மோர் கலந்த தண்ணீரைத் தெளித்துப் பிசிறி வைப்பாள். காலையில் இரும்புச் சட்டியில் மணலைக் காயவிட்டு, பிடி பிடியாக ராகியைப் போடுவாள். கடுகளவு தானியம் வெள்ளை வெள்ளையாக மலரும். சலித்து மணலைப் போக்கி, திரிகையில் அரைத்து, பொடித்த வெல்லமும் ஏலக்காயும் சேர்ப்பாள். இரண்டு மூன்று நாளில் தின்று தீர்ப்பதென்றால் கொப்பரைத் துருவலும் உண்டு. நெய் தொட்ட கையால் எலுமிச்சம்பழ அளவு உருண்டைகள் பிடித்து, பழைய வேட்டித் துணியில் முடிச்சுப் போடுவாள்.

தாத்தா அந்த முடிச்சோடு திம்பம் மலையின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சத்தியமங்கலம் வழியாகக் கோவைக்குப் படிக்கப் போனவர். அவர் காலத்தில் எங்கள் தாலுகாவுக்குத் தலைநகர் சென்னை. மாவட்டத் தலைநகர் கோவை. என் காலத்தில் திசை திரும்பிவிட்டது. கொள்ளேகாலில் பட்டப்படிப்பு, அதன்பின் மைசூரில் மேற்படிப்பு. 1916இல் தொடங்கிய மைசூர் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்தில், குக்கரஹள்ளி ஏரிக்கரையோரம் நடந்து வகுப்புக்குப் போவேன்.

கொள்ளேகாலில் படித்த நாட்களில் காலை ஏழு மணிப் பேருந்தைப் பிடிப்பேன். பத்திலிருந்து ஒரு மணி வரை மூன்று வகுப்பு ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். ஒரு ஆசிரியர் வெளியே போய் அடுத்தவர் உள்ளே வர ஐந்து நிமிடம். பதினொன்றரைக்கே வயிறு கூப்பிடும். அப்போது எனக்குப் பாட்டியின் உருண்டை பிடிக்கவில்லை. நகரத்துப் பிள்ளைகள் கொண்டுவரும் நிப்பட்டின் மேல்தான் ஆசை. நம் தட்டையின் அண்ணன் அது. கனமானது, கடித்தால் அறை முழுக்கக் கேட்கும்.

முன் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்த தோழிக்குச் சிறுவயதிலேயே ஒரு காது கேட்காமல் போயிருந்தது. கேட்கிற காதின் பக்கம் நான். ஒருநாள் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வீழ்ச்சியைப் பற்றிய பாடம். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருக்க, நான் முந்தானைக்குள் மறைத்து வைத்திருந்த நிப்பட்டைக் கடித்து மென்றுகொண்டிருந்தேன். வகுப்பு முடிந்ததும் அவள் நோட்டை நீட்டி, “ஏ, என்ன வருஷம்னு சொன்னாரு? எனக்குக் கேக்கலடி” என்றாள். அவள் எழுதியிருந்த வரியில் வருடம் இருக்கவேண்டிய இடம் காலியாக இருந்தது. அந்த வருடம் 1799. எங்கள் ஊரின் தலைவிதியை மாற்றிய வருடம். அவளுக்கு இருந்த ஒரே காதை என் நொறுக்குத்தீனி அடைத்திருந்தது. அவள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, காரணம் என்னவென்றுகூட அவளுக்குத் தெரியாது. மறுநாளிலிருந்து என் பையில் பாட்டியின் உருண்டை இருந்தது.

அதன்பிறகுதான் அந்த உருண்டையின் அருமையை நான் கவனித்தேன். வாயில் போட்டால் சத்தமில்லாமல் கரையும். வெங்காயம், பூண்டு, எண்ணெய் வாசம் கிடையாது. அடுத்தவருக்கு ஆசையும் மூளாது, அருவருப்பும் வராது. விரலில் பிசுக்கு ஒட்டாததால் நோட்டுப் புத்தகம் கறைபடாது. நூறு கிராம் ராகியில் முந்நூறு மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு. ஒரு உருண்டை தின்றால் ஒரு மணி வரை தாங்கும். பக்கத்து மைசூரில் 1950இல் செலுவாம்பா மாளிகையில் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம், நிலக்கடலை மாவையும் கடலை மாவையும் கலந்து மலிவான சத்துமாவு ஒன்றை உருவாக்கியது. ஒரு பிடி மாவுக்குள் ஒரு வேளைப் பலத்தை அடக்கும் அந்த எண்ணம்தான் எங்கள் மலைச்சாலை மூட்டைக்குள்ளும் இருந்தது.

எல்லாப் பண்டத்துக்கும் அதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. மத்தூர் வடை 1917இல் மத்தூர் ரயில் நிலையத்தில் பிறந்ததாகச் சொல்வார்கள். ரயில் பயணத்துக்கு ஏற்ற பண்டம் அது. வண்டி ஓடும் இரைச்சலில் அதன் மொறுமொறுப்பு யாரையும் தொந்தரவு செய்யாது. பொரியும் பொட்டுக்கடலையும் திருவிழாவுக்கு உரியவை. முறுக்கு மாலைத் திண்ணைக்கு உரியது. வகுப்பறை பிறர் காது கொடுத்துக் கேட்கிற இடம். அங்கே போகிற பண்டம் பேசக்கூடாது.

சத்தம் படிப்படியாகத்தான் வகுப்புக்குள் வந்தது. முதலில் எவர்சில்வர் டப்பா. மலைக்கு அந்தப்புறம், எவர்சில்வர் தகடு செய்யும் சேலம் உருக்காலை 1981இல் இயங்கத் தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் எங்கள் வீடுகளிலும் துணி முடிச்சின் இடத்தை டப்பா பிடித்தது. மூடியைத் திறந்தால் ‘டங்’ என்று ஒலிக்கும். அம்மா அதற்கும் வழி கண்டாள்: மூடிக்கு அடியில் ஒரு துண்டுத் துணி. பிறகு 1990களில் பளபளக்கும் பிளாஸ்டிக் பொட்டலங்கள் வந்தன. லேஸ் 1995இல், குர்குரே 1999இல். ஆசிரியராக நான் வகுப்பெடுக்கத் தொடங்கிய பின்பு, கரும்பலகைக்கு முகம் திருப்பினாலே பின்னால் ஒரு பை கசங்கும்.

பொட்டலத்தை மெதுவாகப் பிரித்தால் சத்தம் வராது என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அது உண்மையல்ல. எரிக் கிராமர், அலெக்சாண்டர் லோப்கோவ்ஸ்கி என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1990களில் இதை ஆராய்ந்தார்கள். கசங்கிய தாளின் சத்தம் தொடர்ந்து வருவதல்ல. மடிப்புகள் ஒரு நிலையிலிருந்து இன்னொரு நிலைக்குத் தாவும்போதெல்லாம் தனித்தனியே ‘டிக்’ என்று தெறிப்பது. மெதுவாகப் பிரித்தால் அந்தத் தெறிப்புகளுக்கு நடுவே இடைவெளி கூடும், ஆனால் எந்தத் தெறிப்பும் மெலிந்து போகாது. தொந்தரவின் நேரம்தான் நீளும். அமெரிக்காவில் 2010இல் சன்சிப்ஸ் என்ற நொறுக்குத்தீனியைத் தயாரிக்கும் நிறுவனம் அதற்கு மண்ணில் மக்கும் பை ஒன்றைக் கொண்டுவந்தது. நல்ல நோக்கம்தான், ஆனால் பையின் இரைச்சல் தாங்காமல் மக்கள் புகார் செய்ய, அதே ஆண்டில் பெரும்பாலான வகைகளுக்கு அதைத் திரும்பப் பெறவேண்டி வந்தது. அதைவிட முக்கியமான உண்மை 2004இல் ஆக்ஸ்போர்டில் சார்லஸ் ஸ்பென்சும் மாசிமிலியானோ ஜாம்பினியும் செய்த சோதனையில் தெரிந்தது: கடிக்கும் ஓசையைக் கூட்டிக் கேட்கவைத்தால், அதே சிப்ஸ் கூடுதல் மொறுமொறுப்பாகவும் புதிதாகவும் இருப்பதாக மக்கள் சொன்னார்கள். தின்பவருக்கு ஓசையும் சுவையின் பகுதி. பக்கத்தில் இருப்பவருக்கு அந்தச் சுவை இல்லை, ஓசை மட்டும்தான்.

இன்று பாடவேளைகள் இன்னும் நெருக்கமாக இருக்கின்றன. பிள்ளைகள் பசியோடு உட்காரவேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். பசித்த மூளையில் பாடம் ஏறாது. ராகி உருண்டை கிடைக்காவிட்டால் வாழைப்பழம் இருக்கிறது, எள்ளுருண்டை இருக்கிறது, பேரீச்சை இருக்கிறது, வெல்லமிட்டு ஊறவைத்த அவல் இருக்கிறது. கடைப் பொட்டலம்தான் என்றால் வெளியிலேயே பிரித்துத் துணிப்பைக்குள் கொட்டிக்கொள்ளுங்கள். பக்கத்தில் நோன்பு நோற்கிற தோழி இருந்தால் தாழ்வாரத்துக்குப் போய்த் தின்றுவிட்டு வாருங்கள். உங்கள் பெஞ்சில் ஒற்றைக் காதால் கேட்கிறவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது. அவர்கள் சொல்லமாட்டார்கள்.

ஒரு சின்ன வழக்கம் போதும். வகுப்புக்குக் கொண்டுபோகிற பண்டத்தை முந்தின இரவே வீட்டில் ஒருமுறை மென்று பாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது கேட்டால், அதை மாலை வீடு திரும்பியபின் தின்பதற்கு எடுத்து வையுங்கள்.