வீணைத் தச்சரும் மடித்த நூலும்

இசை வரலாறு எழுதுவோர் இராகங்களையும் பாடிய பெருமக்களையும் போற்றுவர். கருவி செய்த தச்சர் எதைக்கொண்டு அளந்தார் என்று வினவுவோர் சிலரே. அவ்வினாவிற்கு ஒளிதரும் வடமொழி நூலொன்று உண்டு. 17ஆம் நூற்றாண்டில் அகோபலர் இயற்றிய 'சங்கீத பாரிஜாதம்' அது. 22 சுருதிகளை எண்ணிச் சுரம் வகுத்த பழைய நூல்களினின்று மாறி, வீணைத் தந்தியின் நீளத்தைக்கொண்டே அது சுரத்தானங்களைக் காட்டுகிறது. 1724இல் பாரசீக மொழியிலும் அது பெயர்க்கப்பெற்றது.

அவர் கூறும் பங்கீட்டிற்கு அங்குலக்கோலே வேண்டுவதில்லை. மேருவிலிருந்து குதிரை வரை ஒரு நூலைப் பிடித்து அறுத்துக்கொண்டால் போதும். அதனை இரண்டாக மடித்த இடம் மேல் ஷட்ஜம். மேருப்பக்கத்துப் பாதியை மீண்டும் மடித்தால் மத்தியமம். முழு நூலை மூன்றாக மடித்தால், மேருவை அடுத்த மடிப்பில் பஞ்சமம். மேருவுக்கும் பஞ்சமத்துக்கும் நட்டநடுவே காந்தாரம். அதே இடைவெளியை மூன்றாக்கினால் முதற்பங்கின் முடிவில் ரிஷபம். தந்தி 36 அங்குலமாயின், குதிரையிலிருந்து ரிஷபம் 32, காந்தாரம் 30, மத்தியமம் 27, பஞ்சமம் 24, மேல் ஷட்ஜம் 18 அங்குலத்தில் நிற்கும். (இக்காந்தாரம் இன்று நாம் சாதாரண காந்தாரம் என வழங்குவது.) இம்மடிப்புகளை ஒரு மூங்கிற்சிம்பிற் கீறி வைத்தால் அளவுகோல் ஆயிற்று. கருவியின் நீளம் மாறினால் அக்கோல் உதவாது. வேறொரு நூலை அறுத்து மடிக்க வேண்டியதுதான்.

எனினும் இக்கணக்கு மட்டும் போதாது. மெட்டின்மீது அழுத்தும்போது தந்தி சற்றே இறுகி, ஒலி உயர்கிறது. ஆகவேதான் தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுகளும் மரத்தில் அறையப்படாமல் மெழுகில் பதிக்கப்படுகின்றன. மேளம் கட்டுவோர் தந்தியை மீட்டிக் கேட்டு, மயிரிழை நகர்த்தி அமைக்கின்றனர். பழுத்த செவியுடையார்க்கே கைவரும் தொழில் அது.

வேலை முடிந்ததும் நூலை எறிந்துவிடுவது இயல்பு. அதனால் வரலாற்றாசிரியனுக்கு ஏடு கிடைக்கிறது, கருவி கிடைப்பதில்லை. இத்தாலியில் நிலைமை வேறு. 1737இல் மறைந்த வயலின் தச்சர் ஸ்ட்ராடிவாரியின் மர அச்சுகளும் காகித வடிவப்படங்களும் பல கைகள் மாறி, 1930இல் கிரெமோனா நகருக்கே நன்கொடையாக வந்துசேர்ந்தன. இன்று அவை அந்நகர அருங்காட்சியகத்தில் உள்ளன. தஞ்சை வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது மகிழ்ச்சியே. அங்குள்ள பட்டறைகளில் மிஞ்சியிருக்கும் அச்சுகளையும் குறிகோல்களையும் எவரேனும் படமெடுத்து, அளந்து, பெயர் கேட்டு எழுதிவைக்கும் பணி அதனினும் அவசரமானது.