தாய் காட்டிய தடம்

நாற்பத்திரண்டாம் திருப்பாடலின் மானைத் தொடக்கக் காலக் கிறிஸ்தவர்கள் தங்கள் திருமுழுக்குக் கூடங்களின் தரையில் வண்ணக் கற்களால் பதித்து வைத்தார்கள். அந்த மான் நீரருகே நிற்பதாகவே எங்கும் காட்டப்படுகிறது. அங்கே அது எப்படி வந்து சேர்ந்தது என்று நாம் கேட்பதில்லை. கோடையில் ஓடைகள் வற்றிப்போகும் பாலஸ்தீன நாட்டில், நீர் எங்கே எஞ்சியிருக்கும் என்பதை மான் முன்பே அறிந்திருக்க வேண்டும். அந்த அறிவைப் பெரும்பாலும் அது தன் தாயின் பின்னே நடந்துதான் பெறுகிறது.

நம் மாவட்டத்து மலைகளில் வாழும் மிளா நெடுந்தொலைவு இடம்பெயர்வதில்லை. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் நமக்கு உண்டு, உறைபனியோ இல்லை. வறண்ட மாதங்களில் ஓடைக்கரைகளை அண்டி நிற்கும்; மழையில் புல் தழைத்ததும் காடெங்கும் பரவும். அதன் பயணம் அவ்வளவே. பருவத்துக்குப் பருவம் இருப்பிடத்தையே மாற்றிக்கொள்ளும் மானைக் காண, இந்தியாவின் மறுமுனையாகிய காஷ்மீருக்குத்தான் செல்ல வேண்டும்.

அங்கே ஸ்ரீநகருக்கு அருகில் டாச்சிகாம் என்னும் காடு இருக்கிறது. ஹங்குல் எனப்படும் காஷ்மீர மான் பனிக்காலத்தில் அதன் தாழ்ந்த பள்ளத்தாக்கில் தங்கும். பனி உருகியதும் மேட்டுப் புல்வெளிகளுக்கு ஏறும். இலையுதிர் காலத்தில் மீண்டும் இறங்கும். 1910ஆம் ஆண்டு மகாராஜா பிரதாப் சிங் காலத்தில் இக்காடு காப்பிடமாக்கப்பட்டது. மானின்மேல் கொண்ட இரக்கம் மட்டுமன்று, தலைநகரின் குடிநீரும் காரணம். அங்கிருந்த பத்துக் கிராமங்கள் வெளியேற்றப்பட்டன. டாச்சிகாம் என்ற பெயருக்கே பத்து ஊர் என்று பொருள். வெளியேற்றப்பட்டவர்கள் பெயரில் மட்டும் தங்கிவிட்டார்கள்!

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹங்குல்கள் சில ஆயிரம் இருந்ததாக மதிப்பிட்டார்கள். 1947க்குப் பின் காவல் தளர்ந்தது; வேட்டை பெருகியது. 1970 வாக்கில் எஞ்சியவை ஏறத்தாழ 150. டாச்சிகாம் 1981இல் தேசியப் பூங்காவாயிற்று. 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அவை 289. வேட்டையைப் போலவே அவற்றைத் தடுப்பது இன்னொன்றும் உண்டு. ஹங்குல் மேலேறும் அதே கோடையில் இடையர்களின் ஆட்டு மந்தைகளும் காவல் நாய்களுடன் அப்புல்வெளிகளுக்கு ஏறுகின்றன. மான்கள் அஞ்சி ஒதுங்குகின்றன. ஆனாலும் அந்த இடையர்களைக் குற்றவாளிகள் என்று எழுத என் பேனாவுக்கு மனம் வரவில்லை. பனியோடு இறங்கி, பனி உருகும்போது ஏறும் அந்த ஏழை பக்கர்வால் மக்களும் தங்கள் முன்னோர் காட்டிய தடத்தில்தானே நடக்கிறார்கள்? ஒரே புல்வெளி, ஒரே பருவம், இரு பயணிகள்.

தடம் ஒருமுறை அறுந்தால் என்ன நேரும் என்பதை ஹங்குலின் உறவினமான ஐரோப்பியச் செம்மான் காட்டுகிறது. ஜெர்மனியின் பவேரியாவுக்கும் செக் நாட்டின் பொகீமியாவுக்கும் இடையே பெருங்காடு ஒன்று உண்டு. அக்காட்டின் ஊடே பாதை அமைத்தவர் என்று போற்றப்படுபவர் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி புனித குந்தர். 1045ஆம் ஆண்டு அவர் இறக்கும் தறுவாயில் இருந்தபோது, வேட்டைக்கு வந்த பொகீமியக் கோமகனை ஒரு மான் அவரது குடிலுக்கு இட்டுச் சென்றது என்பது மரபுக்கதை. பனிப்போர்க் காலத்தில் அதே காட்டின் ஊடே மின்வேலிகள் எழுந்தன. தப்பி ஓட முயன்ற மனிதர்கள் அங்கே மடிந்தார்கள். 1989இல் அந்த ஆட்சி வீழ்ந்தது, வேலியும் அகற்றப்பட்டது. அதன் பின் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகியும், கழுத்தில் கருவி கட்டி ஆராயப்பட்ட மான்களில் பெரும்பாலானவை பழைய எல்லைக் கோட்டருகே வந்து திரும்பிப் போயின. வேலியைக் கண்ட மான்களில் ஒன்றுகூட அப்போது உயிரோடில்லை. குட்டி தாயைத் தொடர்ந்தது. தாய் தன் தாயைத் தொடர்ந்திருந்தது. இல்லாத வேலியை இவ்வாறு தலைமுறைக்குத் தலைமுறை கையளித்திருக்கின்றன. இளம் ஆண் மான்கள் சில துணிந்து கடந்தன என்பது ஆறுதல்.

இதை நான் எழுதக் காரணம் நம் மலையடிவாரம். பேச்சிப்பாறை அணை 1906இல் கட்டி முடிக்கப்பட்டது. பின்னர் அடிவாரக் காடுகளின் இடத்தில் ரப்பர் வந்தது. கீரிப்பாறைப் பகுதியின் அரசு ரப்பர்த் தோட்டங்கள், 1964ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழருக்கு வாழ்வு தந்தன. அதைக் குறை கூறுவது தகாது. இப்போது காட்டுப்பன்றியும் மிளாவும் வாழையையும் மரச்சீனியையும் அழிப்பதால் சூரிய மின்வேலி வேண்டும் என்று அடிவார விவசாயிகள் கேட்கிறார்கள். ஒரே இரவில் ஓராண்டு உழைப்பை இழந்தவனிடம் மானின் வழியைப் பற்றிப் பேசப் போனால், அவன் என் முகத்தைப் பார்க்கும் பார்வையை நான் அறிவேன். ஆகவே வேலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலையிலிருந்து ஓடைகள் இறங்கும் இடங்களை மட்டும், இரு கரையிலும் சிறிது அகலம் விட்டு, அடைக்காமல் வைக்க இயலுமா என்று அடுத்த ஊர்க்கூட்டத்தில் கேட்க எண்ணியிருக்கிறேன்.