டயர் விளக்கு வந்த கதை

எங்க ஊர் மைசூரில் டயர் என்றால் விக்ராந்த்தான். கர்நாடக அரசு ஆரம்பித்த அந்தக் கம்பெனியை 1997-ல் ஜேகே டயர் வாங்கியது. அதே ஜேகே 2020-ல் காற்றழுத்தத்தை மொபைலில் காட்டும் சென்சாரை இறக்கியபோது, இங்கே அமெரிக்காவில் அது பழைய சமாச்சாரம்.

ஆனால் இங்கே அது சும்மா வந்துவிடவில்லை. ஃபோர்டு எக்ஸ்புளோரரிலும் ரேஞ்சர் பிக்கப்பிலும் இருந்த ஃபயர்ஸ்டோன் டயர்கள் ஓடும்போதே பிய்ந்தன. எக்ஸ்புளோரர்கள் உருண்டு 200 பேருக்கு மேல் இறந்தார்கள். ஃபோர்டு சொன்ன அழுத்தமே 26 பிஎஸ்ஐ. அதுவும் குறைந்தால் டயர் சூடேறத்தானே செய்யும்? 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றார்கள். அந்த வருடமே சட்டம் வந்தது. 2008 மாடலிலிருந்து கார், சாதாரண பிக்கப் எல்லாவற்றிலும் விளக்கு கட்டாயம்.

ஒரு விஷயம். அழுத்தம் 25 சதவீதம் குறையும்வரை சட்டப்படி அது எரியவேண்டியதில்லை. 36 இருக்கவேண்டிய டயர் 27-க்கு இறங்கும்வரை சும்மா இருக்கலாம். பிக்கப்பில் வீட்டுச் சாமான் ஏற்றுகிறவர்கள், காலையில் டயர் சூடாகுமுன் கேஜ் வைத்துப் பார்த்துவிடுங்கள்.