காளான் காத்திருக்காது

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்குக் காளான் என்பது நேற்று வந்த காய்கறி. நமக்கு வஞ்சிரம் தெரியும், நெத்திலி தெரியும். காளான் என்றால் மழை விட்டதும் குப்பை மேட்டில் முளைப்பது. தொட்டால் வீட்டில் திட்டு விழும். இப்போது தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் கீரைக்கட்டுக்குப் பக்கத்தில் பாக்கெட்டு பாக்கெட்டாக இருக்கிறது. இது எப்படி வந்தது என்று ஓய்வுக்குப் பிறகு தேடிப் படித்தேன். காளானை வளர்க்க நம்மவர்கள் சீக்கிரமே கற்றுக்கொண்டார்கள். அதைப் பறித்து, கெடாமல் நம் வெயிலைத் தாண்டிக் கொண்டுவருவதற்குத்தான் 50 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

இந்தியாவில் வைக்கோல் காளானை முதலில் வளர்த்துக் காட்டியது நம் சென்னை மாகாணத்தில்தான். 1943-ல் கோயம்புத்தூரில் கே.எம். தாமஸும் அவருடன் வேலை செய்தவர்களும் நனைத்த வைக்கோலை அடுக்கி அதைச் செய்தார்கள். வங்காளத்தில் பஞ்சம் தலைவிரித்தாடிய வருஷம் அது. வைக்கோல் நம்மிடம் ஏராளம். வெயிலும் அதற்கு ஒத்துக்கொள்ளும். பிறகு ஏன் அது ஊரெல்லாம் பரவவில்லை?

காரணம் பறிக்கும் நேரம். வைக்கோல் காளானை முட்டை வடிவில், மேல் உறை கிழியும் முன்பே எடுத்துவிட வேண்டும். சில மணி நேரம் தவறினால் குடையாக விரிந்து விலை போய்விடும். அதனால் ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை பறிக்க வேண்டும். பறித்ததையும் வைத்திருக்க முடியாது. ஃபிரிட்ஜில் வைத்தால் நீர்விட்டுக் குழைந்துபோகும். ஆலைச் சங்கு கேட்டு ஷிப்டுக்கு ஓடியவர்கள் நாம். அந்தச் சங்கு நாளுக்கு மூன்று முறைதான் ஊதும். காளானுக்குச் சங்கும் கிடையாது, வார விடுமுறையும் கிடையாது.

ஹோட்டல் கிரேவியில் வரும் மொட்டுக் காளானின் கதை வேறு. அது முளைக்க 14 முதல் 18 டிகிரி குளிர் வேண்டும். அதனால் நம் மாநிலத்தில் அது நீலகிரிப் பக்கம் நிலைத்தது. எண்ணூர் வெயிலில் அதை வளர்க்க ஏசி போட வேண்டும். கரண்ட் பில்லே லாபத்தைத் தின்றுவிடும்.

அடுத்து வந்தது சிப்பிக் காளான். 1962-ல் மைசூர் உணவு ஆராய்ச்சி நிலையத்தில் அதில் ஒரு வகையை வளர்த்தார்கள். பின்னாளில் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் ரகங்களை வெளியிட்டது. வைக்கோலை வேகவைத்துப் பையில் அடைத்து, விதை தூவிக் கட்டித் தொங்கவிட்டால் போதும், குடிசையிலேயே வளரும். ஆனால் அதற்கும் நேரம் உண்டு. ஓரம் மேல்நோக்கிச் சுருளும் முன் பறிக்க வேண்டும். தாமதித்தால் வித்துத்தூள் கொட்டும். கொட்டகையில் வேலை செய்பவர்களுக்கு அது இருமலும் மூச்சுத் தொல்லையும் தரும்.

மீஞ்சூர்ப் பக்கம் கொட்டகை போட்டிருக்கும் ஒரு அம்மாவை எனக்குத் தெரியும். அவர் பறிப்பதைப் பார்த்திருக்கிறேன். பறிப்பதற்கு முன் தண்ணீர் தெளிக்க மாட்டார். ஈரத்தோடு பாக்கெட் போட்டால் அழுகிவிடுமாம். கத்தி வைப்பதில்லை. கொத்தை அடியோடு பிடித்து மெல்லத் திருகுவார், கையோடு வந்துவிடும். கட்டை மிச்சம் இருந்தால் அது அழுகி ஈயைக் கூட்டி அடுத்த பறிப்பைக் கெடுக்கும். ஒரு பையில் மூன்று பறிப்பு எடுப்பார்.

ஒரு முறை நெருங்கிய சொந்தத்தில் சாவு. போய்விட்டு மறுநாள் மதியம்தான் திரும்பினார். 12 கிலோ விரிந்து ஓரம் கிழிந்து கிடந்தது. வழக்கமாக வாங்கும் கடைக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். "நல்லதுக்குப் போனாலும் கெட்டதுக்குப் போனாலும், காலையில இதுங்க முகத்தைப் பார்த்துட்டுத்தான் போகணும் ஐயா" என்றார். அந்த மாதச் சீட்டுப் பணத்தைக் கடன் வாங்கித்தான் கட்டினாராம்.

இப்படிப்பட்டவர்களுக்குத்தான் பால் காளான் கைகொடுத்தது. 1974-ல் வங்காளத்து விஞ்ஞானிகள் அடையாளம் கண்ட வகை அது. பல வருஷம் கழித்து நம் வேளாண் பல்கலைக்கழகத்தின் அருப்புக்கோட்டை நிலையம் அதைத் தேறிய பயிராக்கியது, ஏ.பி.கே.2 என்ற ரகம் 1998-ல் வந்தது. 30 முதல் 35 டிகிரி வெப்பம்தான் அதற்குப் பிடிக்கும். படுக்கையின் மேல் மண் போர்த்தினால் போதும். மொட்டு தலைகாட்டி ஒரு வாரத்தில் பறிக்கலாம். தடித்த சதை என்பதால் வெளியிலேயே மூன்று நாள் தாங்கும். நம் வெயில் காளானுக்கு எதிரி என்று நினைத்திருந்தோம். அந்த வெயிலையே கேட்கும் காளான் கிடைத்துவிட்டது.

1943-க்கும் 1998-க்கும் நடுவில் 55 வருஷம். மீஞ்சூர் அம்மா இப்போது பனிக்காலத்தில் மட்டும் சிப்பி, மற்ற மாதங்களில் பால் காளான் போடுகிறார். காலையில் கொட்டகைக்குப் போவது நிற்கவில்லை. ஆனால் ஒரு பஸ் தவறினால் பிழைப்பே போய்விடும் என்ற பயம் குறைந்திருக்கிறது.

வாங்கப் போகும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கவரின் உள்ளே நீர் கோத்திருந்தாலும், சிப்பியின் ஓரம் சுருண்டு மஞ்சளித்திருந்தாலும் எடுக்காதீர்கள். விலை கேட்கும்போது, எப்போது பறித்தது என்றும் கேளுங்கள்.