அளவுகோலும் ஆட்டமும்: 1984 தேர்வு குறித்து ஒரு மறுவாசிப்பு

அமெரிக்கக் கூடைப்பந்து வரலாற்றில் அடிக்கடி எடுத்தாளப்படும் கதை ஒன்றுண்டு. 1984ஆம் ஆண்டு என்.பி.ஏ. புதுமுக வீரர் தேர்வில் போர்ட்லாந்து அணி, இரண்டாவது வாய்ப்பில் 7 அடி 1 அங்குல உயரமுள்ள சாம் போவியை எடுத்தது. அடுத்த வாய்ப்பில் மைக்கேல் ஜோர்டான் சிகாகோவுக்குச் சென்றார். உயரத்தில் மயங்கித் திறனைத் தவறவிட்டதற்கு இதுவே சான்று என்பர்.

விளைவை அறிந்தபின் எழுதப்பட்ட வரலாறு இது. ஜோர்டான் ஆடிய இடத்திற்குக் கிளைட் டிரெக்ஸ்லரைப் போர்ட்லாந்து முந்தைய ஆண்டே எடுத்திருந்தது. அதற்குத் தேவைப்பட்டவர் ஒரு சென்டர். போவியும் திறனற்றவரல்லர். ஆனால் கால் எலும்புக் காயத்தால் கல்லூரியில் இரு பருவங்களை இழந்தவர். போதிய கவனம் பெறாதது ஜோர்டானின் திறன் மட்டுமன்று; போவியின் உடல் முன்னரே தந்திருந்த எச்சரிக்கையுந்தான்.

அதே தேர்வில் ஹூஸ்டன் அணி முதலாவதாக எடுத்த ஹக்கீம் ஒலாஜுவானும் நெடியவரே. அத்தேர்வை எவரும் பழிப்பதில்லை. லாகோஸில் கால்பந்தும் ஹேண்ட்பாலும் ஆடிய அவர், பதின்பருவத்தில்தான் கூடைப்பந்துக்கு வந்தார். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆடிய ஆண்டுகள் அவரைச் செதுக்கின. 1994, 1995 ஆகிய ஆண்டுகளில் தம் அணிக்குப் பட்டம் வென்று தந்தார்.

2007இல் கெவின் டுராண்ட், தேர்வுக்கு முந்தைய உடற்சோதனையில் 185 பவுண்டு எடையைப் படுத்தவாறு ஒருமுறைகூடத் தூக்கவில்லை. ஆயினும் இரண்டாவதாக எடுக்கப்பட்டு, 2014இல் அத்தொடரின் மிகச்சிறந்த வீரரானார். இதுவும் திறன் உடலை வென்ற கதையன்று. அவருடைய உயரமும் கைநீளமும் அசாதாரணமானவை. சோதனை அளந்தது அவர் ஆட்டத்திற்கு அதிகம் உதவாத ஒன்றை. ஆகவே உடலா, திறனா என்பதைவிட, எந்த அளவு எந்த ஆட்டத்திற்குப் பொருந்தும் என்பதே தகுந்த வினா.

நமக்கும் இவ்வினா அயலானதன்று. பஞ்சாபின் பல்லோ கே சிற்றூரில் பிறந்த 7 அடி 2 அங்குல சத்னாம் சிங், 2015இல் டல்லஸ் அணியால் 52ஆவதாக எடுக்கப்பட்டார். இந்தியாவில் பிறந்தோரில் அப்பெருமை பெற்ற முதல்வர் அவரே. எனினும் என்.பி.ஏ. தொடர் ஆட்டம் ஒன்றிலும் அவர் களமிறங்கவில்லை. உயரமான சிறுவனைக் கண்டெடுக்க ஓர் அளவுநாடா போதும். அவனை ஆட்டக்காரனாக்கப் பயிற்றுநரும், தரமான எதிராளிகளும், பல்லாண்டுப் பொறுமையும் வேண்டும். அளவுநாடா சொல்வது தொடக்கத்தை மட்டுமே. எஞ்சிய பொறுப்பு அளந்தவர்களுடையது.